யாருக்கு முதல் விபூதி? – வாசகர் கேள்வி பதில்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை: என் கரை, என் நாடு, என் வகையறா, என் பங்காளி. அவற்றிலிருந்து ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். நீதிமன்றத்திலும் வருவாய்த் துறையிலும் ஊர்ப் பேச்சுவார்த்தைகளிலும் பழகியவர்கள் சேர்ந்து எழுதியவை இவை.

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோவிலுக்கு இரண்டு கரை (கோவில் உரிமையைப் பங்கிடும் பிரிவு). பங்குனித் திருவிழாவில் பரிவட்டமும் முதல் விபூதியும் யாருக்கு என்று மூன்று வருடமாகத் தகராறு. போன வருடம் கம்பும் கல்லுமாகி ஏழு பேருக்குத் தையல் போட வேண்டியதாயிற்று. இந்த வருடம் திருவிழாவே வேண்டாம் என்கிறார்கள் பெண்கள். இரண்டு தரப்பையும் உட்கார வைக்க வழி உண்டா?
– வாசகர், திருப்பத்தூர் வட்டம்

பதில்: உண்டு. ஆனால் காப்புக் கட்டுக்கு முந்தின வாரம் தாலுகா ஆபீஸில் போய் உட்கார்ந்தால் நடக்காது. அந்த நேரத்தில் ஒவ்வொரு தரப்பும் வாசலில் நூறு இளவட்டங்களை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வரும். உள்ளே பேசுகிற பெரியவருக்கு எதிரில் இருப்பவரைவிட வாசலில் நிற்கும் தன் ஆட்கள் மேல்தான் பயம். விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பேர் வந்துவிடக் கூடாதே என்று விறைப்பாகவே பேசுவார். காப்புக் கட்டுக்குக் குறைந்தது 45 நாள் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

முதல் வேலை, நடுவில் நிற்கும் மூன்று பேரைப் பிடிப்பது. ஒவ்வொரு கரையும் தனக்குச் சம்மதமான ஐந்து பெயர்களை எழுதித் தரட்டும். இரண்டு தாளிலும் வரும் பெயர்களை எடுங்கள். ஒன்றுகூட ஒத்து வராவிட்டால், இரு கரையிலும் பெண் கொடுத்து எடுத்த சம்பந்தி ஊர்க்காரர்களில் தேடுங்கள். இரண்டு பக்கமும் மாமன் மச்சான் முறை உள்ளவர் கோபமாகப் பேசினாலும் ஊர் கேட்டுக்கொள்ளும். பக்கத்து நாட்டு அம்பலம் (பல ஊர் சேர்ந்த நாட்டின் தலைவர்), ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பழைய கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரும் பொருந்துவார்கள். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் வேண்டாம். அவர் நல்லவராக இருந்தாலும் அடுத்த தேர்தலில் அந்தப் பேச்சுவார்த்தை வேறு கதையாகிவிடும்.

இரண்டாவது, இரு தரப்பையும் உடனே நேருக்கு நேர் உட்கார வைக்காதீர்கள். மூவரும் ஒவ்வொரு கரையையும் தனித்தனியாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரமாவது பார்க்க வேண்டும். மூன்றே கேள்விகள் போதும். என்ன வேண்டும்? அது கிடைக்காவிட்டால் உங்களுக்கு எது போகிறது? இந்த வழக்கம் எப்போதிலிருந்து? மூன்றாவது கேள்விக்கு வாய்ச்சொல்லை மட்டும் வாங்காமல் பழைய திருவிழா நோட்டீஸ், தலைக்கட்டு வரி நோட்டு, கோவில் கணக்கு, கல்யாண ஆல்பத்தில் தப்பித்தவறி இருக்கும் திருவிழாப் படம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ‘ஆதிகாலம் தொட்டு’ என்று சொல்லப்படும் வழக்கம் பல ஊர்களில் தாத்தா காலத்து நோட்டீஸில் வேறு மாதிரி இருக்கும். அதைச் சபையில் போட்டு யாரையும் மடக்க வேண்டாம். தனியாகக் காட்டினால் போதும். விறைப்பு தானே தளரும்.

மூன்றாவதுதான் கூட்டுப் பேச்சு. தரப்புக்கு நான்கு பேர், அதற்கு மேல் வேண்டாம். அந்த நால்வரில் இருவர் 30 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்கட்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கல்லெறிந்தது இளவட்டம், ஒப்பந்தத்தைத் தன் காதால் கேட்டு, தன் வாயால் சரி என்று சொல்லாத பையனை அது கட்டாது. தையல் போட்ட தலைக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது யார் அம்மா, யார் மனைவி என்பதும் அந்த அறையில் தெரிய வேண்டும். இடம் கோவிலாக இருக்கக் கூடாது. அங்கே யார் எங்கே உட்காருவது என்பதே தகராறு. பள்ளிக்கூடம், நூலகம், வாடகை மண்டபம் போன்ற இடம் சரி. காலை 10 மணிக்குத் தொடங்குங்கள். மாலையில் வைத்தால் குடித்துவிட்டு ஒருவர் வந்து சேர்வார். மேடை வேண்டாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. செல்போன்கள் ஒரு பெட்டிக்குள் போகட்டும். பாதிப் பேச்சை வெட்டி வாய்ஸ் கிளிப்பாக வெளியே அனுப்பினால் உள்ளே நடப்பது அத்தோடு முடிந்தது.

பேச்சில் ஒரு கண்டிப்பு தேவை. செயலைச் சொல்லலாம், பிறப்பைச் சொல்லக் கூடாது. ‘உங்க ஆளுங்களே எப்பவும் இப்படித்தான்’ என்றால் நடுவர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். ‘எட்டாம் திருவிழா ராத்திரி, மைக்செட் பக்கத்தில் இது நடந்தது’ என்றால் பேசவிடலாம்.

தீர்வு பல வகையில் வரும். வருடத்துக்கு ஒரு கரை என்று முறை வைத்து, முதல் வருடம் யார் என்பதை அம்மன் முன்னால் திருவுளச்சீட்டு போட்டு எடுக்கலாம். இரண்டு தட்டு, இரண்டு பூசாரி, ஒரே நேரத்தில் விபூதி என்று வைக்கலாம். பரிவட்டம் அம்மனுக்கு மட்டும், மனிதருக்கு இல்லை என்று எடுத்தே விடலாம். முறை வைப்பதுதான் பெரும்பாலும் எடுபடும். ஆனால் அது எங்கே உடைகிறது என்று தெரிந்து எழுதுங்கள். ஊரில் துக்கம் விழுந்து ஒரு வருடம் திருவிழா நின்றால் அந்தக் கரையின் முறை போயிற்றா, அடுத்த வருடத்துக்கு வருமா? மரியாதை வாங்குபவர் இறந்தால் மூத்த மகனா, கரை கூடித் தேர்ந்தெடுப்பவரா? ஒப்பந்தத்தில் ஆளின் பெயர் போட்டால் இந்தக் கேள்வி வந்தே தீரும். ‘கரையின் அந்த வருடத்துப் பொறுப்பாளர்’ என்று பதவியைப் போடுங்கள்.

சண்டை கிளம்புகிற சின்ன இடங்களும் தாளில் ஏற வேண்டும். மைக் யார் கையில்? பெயர்களை எந்த வரிசையில் வாசிப்பது? பிளெக்ஸ் எத்தனை அடி, எந்த மூலையில்? சாமி ஊர்வலத்தில் எந்தப் பாட்டு போடக் கூடாது? முளைப்பாரி எந்தத் தெரு வழியாக எத்தனை மணிக்குத் திரும்பும்? ‘விபூதிச் சண்டை’ என்று பேராகும் கைகலப்பைப் பின்னால் போய் விசாரித்தால், ஒரு தெரு முனையில் போட்ட ஒரு பாட்டில் தொடங்கியிருக்கும். மஞ்சுவிரட்டு உள்ள ஊரானால் கோவில் மாட்டுக்கு அடுத்து எந்த மாடு அவிழும் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

எதற்கும் மசியாத ஊர்களுக்குச் சட்ட வழி இருக்கிறது. 1959-ம் ஆண்டின் இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம், 63-வது பிரிவில், கோவில் மரியாதை யாருக்கு உரியது என்பதையும் நிலைத்த வழக்கம் எது என்பதையும் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் விசாரித்து முடிவு செய்யலாம். 69-வது பிரிவின்படி ஆணையரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே நீதிமன்றம். வருடக்கணக்கில் போகும். ஆனாலும் கம்பைவிட அது எவ்வளவோ மேல். மனு நிலுவையில் இருக்கும் வருடங்களுக்கு ஓர் இடைக்கால ஏற்பாட்டை மட்டுமாவது பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே மாதிரி ஒரு தகராறில் என் தம்பி மீது ‘107 போட்டிருக்கிறோம்’ என்கிறார்கள். அவன் சிங்கப்பூர் வேலைக்குப் போக இருக்கிறான். இது கேஸா? அடித்தவர்கள் அவர்கள், எங்கள் மேலும் எதற்கு?
– வாசகி, கல்லல்

பதில்: பேச்சு வழக்கில் இன்னும் 107 என்றுதான் சொல்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126-வது பிரிவு. நடந்த குற்றத்துக்கான தண்டனை அல்ல இது. இனிமேல் அமைதியைக் கெடுக்க மாட்டேன் என்று நிர்வாக நடுவர், அதாவது தாசில்தாரோ கோட்டாட்சியரோ, பிணைமுறி எழுதி வாங்குவது. அதிகபட்சம் ஓராண்டு. இரு தரப்பு மேலும் போடுவது வழக்கமாகிவிட்டது. அதற்காக அடி வாங்கியவர் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று இல்லை.

முதலில் வரும் உத்தரவில் என்ன தகவலின் பேரில், எவ்வளவு தொகைக்கு, எத்தனை காலத்துக்கு என்று எழுதியிருக்க வேண்டும். அதன் நகலை வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் தந்த காயச் சான்றிதழ், புகார் கொடுத்தபோது தந்த சி.எஸ்.ஆர். ரசீது இரண்டையும் இணைத்து எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுங்கள். விசாரணை தொடங்கி ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது பொது விதி. வாய்தாவுக்குப் போகாமல் இருப்பதுதான் பெரிய தப்பு. விமானம் ஏறுவதற்கு முன் தம்பி நேரில் போய் முடித்து, உத்தரவின் நகலைக் கையோடு வைத்திருக்கட்டும். போலீஸ் சரிபார்ப்பில் கேட்டால் மறைக்காமல் காட்ட உதவும்.

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஐயா கட்டிய வீடு. இப்போது 14 புள்ளி (பங்குள்ள குடும்பம்). ஒரு பங்காளி இரண்டாங்கட்டு மரத்தூண்களைப் பெயர்த்து விற்கப் பார்த்தார். இன்னொருவர் வளவு (உள்முற்றம்) கதவில் பூட்டுப் போட்டார். போன மாதம் முன்னோர் படைப்புக்குக் கூடியபோது கைகலப்பு. படைப்பும் நின்றுவிட்டது. வழக்குப் போட்டால் எங்கள் காலத்தில் முடியுமா?
– வாசகர், சென்னையிலிருந்து

பதில்: ஒரே குடியில் பிறந்தவர்கள் மோதுவது புதிதல்ல. சோழர் குடியின் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் மோதியபோது நடுவில் போய் நின்றார் கோவூர்கிழார் என்ற புலவர். உன் எதிரி சூடியிருப்பது சேரனின் பனம்பூவும் இல்லை, பாண்டியனின் வேம்பும் இல்லை. அவன் தலையில் இருப்பதும் உன் ஆத்திப்பூதான். எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்றார். 14 புள்ளியும் ஒரே முகப்பு வழியாக உள்ளே போகிறவர்கள். இதை யாராவது உங்கள் பங்காளிகளிடம் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

வேலை என்று பார்த்தால், முதலில் நிலைமை மேலும் கெடாமல் நிறுத்துங்கள். இன்றைய தேதியில் தூண், கதவு, நிலை, விளக்கு, பாத்திரம் எல்லாவற்றையும் அறை அறையாக வீடியோ எடுத்து, பட்டியல் போட்டு, 14 புள்ளிக்கும் அனுப்புங்கள். ‘பங்கு முடியும்வரை எதையும் பெயர்ப்பதில்லை, விற்பதில்லை’ என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வளவுப் பூட்டுக்கு இரண்டு சாவி, இரண்டு வேறு தரப்பிடம். யாராவது ஒருவர் கையெழுத்து மறுத்து, பொருளைப் பெயர்க்கத் தொடங்கினால் அப்போது உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கலாம்.

அடுத்து வாரிசு வரிசை. பேச்சு உடைவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் எல்லாம் முடிந்தபின். கட்டிக்கொடுத்த பெண்களைச் சேர்க்காமல் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பங்கு போடுவார்கள். தமிழ்நாட்டில் 1989 முதலே, அப்போது மணமாகாதிருந்த மகளுக்குப் பூர்விகச் சொத்தில் உரிமை வந்துவிட்டது. 2005 மத்தியச் சட்டத் திருத்தமும் 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதை மணமான மகள்களுக்கும் உறுதியாக்கின. ஒரு சகோதரி விடுபட்டாலும் உங்கள் உடன்படிக்கை பிறகு நீதிமன்றத்தில் நிற்காது. வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் அனுப்பலாம், வீடியோவிலும் பேசலாம்.

காரைக்குடி, தேவகோட்டை நீதிமன்ற வளாகங்களில் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம், வழக்கே போடாமல், முன்வழக்கு மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) எல்லாரும் ஒத்துக்கொண்டு பதிவாகும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் மதிப்பு உண்டு. அதன்மீது மேல்முறையீடு கிடையாது. ஏற்கெனவே வழக்கு நடந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பும்.

வீட்டை 14 துண்டாக்க முடியாது, முயலவும் வேண்டாம். இரட்டை வீடுகளை (வளவைச் சுற்றியுள்ள அறைகள்) அவரவர் புள்ளிக்கு ஒதுக்கி, முகப்பு, பட்டாலை, வளவு, சாமி அறை ஆகியவற்றைப் பொதுவில் விட்டு, ஓடு மாற்ற, வெள்ளை அடிக்க வருடத் தொகை என்று ஒரு பொது வங்கிக் கணக்கு வையுங்கள். விலகப் பார்ப்பவர் வெளியாளுக்கு விற்கும் முன் பங்காளிகளிடம் எழுத்தில் கேட்க வேண்டும் என்றும் சேருங்கள். படைப்பை இந்தப் பேச்சோடு முடிச்சுப் போடாதீர்கள். பங்கு முடியாவிட்டாலும் படைப்பு நடக்கட்டும். ஒரே பந்தியில் சாப்பிட்ட அடுத்த வாரம் பேச்சு எளிதாக நகரும்.

கேள்வி: மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் நான். இரண்டு ஊர் மாணவர்கள், கையில் வேறு வேறு வண்ணக் கயிறு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அரிவாள் படம். சேர்ந்து சாப்பிட வைத்தோம், நட்பு விழா நடத்தினோம். எதுவும் மாறவில்லை. ஏன்?
– ஆசிரியர், காரைக்குடி வட்டம்

பதில்: சேர்த்து உட்கார வைத்தால் மட்டும் பகை போகாது. 1954 கோடையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 11, 12 வயதுள்ள, ஒரே மாதிரிக் குடும்பங்களைச் சேர்ந்த, முன்பின் அறியாத 22 பையன்களை இரண்டு முகாமாகப் பிரித்தார். ஒரு பெயர், ஒரு கொடி, சில போட்டிகள். அவ்வளவுதான். சில நாளில் ஒரு கூட்டத்தின் கொடியை இன்னொரு கூட்டம் எரித்தது. பிறகு ஒன்றாகச் சாப்பிட வைத்தபோது உணவை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். உங்கள் பந்தியில் நடந்ததும் இதுதான்.

மாற்றியது வேறு. முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றது. இரு கூட்டமும் சேர்ந்து தேட வேண்டியிருந்தது. சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. முன்பு கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த அதே கயிற்றைக் கட்டி எல்லாரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் முடியாத வேலைகள் அடுக்கடுக்காக வந்தபின்தான் பகை குறைந்தது. சிறுவர்களுக்குச் சொல்லாமல் நடத்தினார்கள் என்ற குறை அந்த ஆய்வின் மேல் உண்டு. ஆனாலும் தேர் வடம் பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்தக் கயிறு நன்றாகப் புரியும்.

உங்கள் பள்ளிக்கு அப்படி ஒரு வேலை வேண்டும். இரண்டு ஊருக்கும் பொதுவாக ஓர் ஊருணி இருக்கிறதா? நாட்டு நலப்பணித் திட்ட முகாமை அங்கே வையுங்கள். வரத்துக்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று மேல் ஊர்ப் பையன்தான் காட்ட முடியும். கீழே கரை எங்கே கசிகிறது என்று கீழ் ஊர்ப் பையனுக்குத்தான் தெரியும். எட்டு எட்டுப் பேராகக் கலந்து பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் இரு ஊரும் சரிபாதி. ஊருக்கு ஒரு குழு என்று பிரித்துப் போட்டி வைத்தால் நீங்களே நெருப்பு மூட்டியவர் ஆவீர்கள். பரிசும் வேண்டாம். ஒரு நாள் வேலை போதாது, ஆறேழு வாரச் சனிக்கிழமைகளாவது ஆகட்டும்.

கயிறு விஷயம்: நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறு, பொட்டு போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது. தடுக்கும்போது எல்லா நிறத்தையும் ஒரே நாளில், ஒரே ஆசிரியர் குழு கழற்றச் சொல்ல வேண்டும். ஒரு நிறத்தை இன்றும் மற்றதை அடுத்த வாரமும் என்றால் பள்ளியே ஒரு பக்கம் சாய்ந்ததாக ஆகும். வகுப்பில் எல்லார் முன்னாலும் அறுக்காதீர்கள். அவமானப்பட்ட பையன் மாலையில் தன் ஊர் முச்சந்தியில் நிற்பான்.

‘சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வா’ என்ற செய்தி வந்த நாளுக்கு வேறு வேலை. அன்று அறிவுரை வேண்டாம். இரு ஊர் மாணவர்களையும் அரை மணி இடைவெளி விட்டு வெளியே அனுப்புங்கள், பேருந்து நிறுத்தத்தில் இரண்டு ஆசிரியர்கள் நில்லுங்கள், இரு தரப்பிலும் இரண்டு தாய்மார்களைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். ஆயுதம் பற்றிய பேச்சு காதில் விழுந்தால் யோசிக்காமல் 112.

கேள்வி: நாங்கள் பட்டியல் சாதியினர். திருவிழாவில் என் மகனைச் சாதி சொல்லி அடித்தார்கள். பி.சி.ஆர். (வன்கொடுமை) வழக்கு நடக்கிறது. ‘ஊர் ஒற்றுமைக்காக வாபஸ் வாங்கு, இல்லையென்றால் கடையில் சாமான் கிடையாது’ என்கிறது ஊர்ச் சபை. சமாதானம்தானே நல்லது என்று எங்கள் உறவினர்களே சொல்கிறார்கள்.
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: வாங்காதீர்கள். அமைதி வழியை வற்புறுத்துகிற நாங்கள்தான் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறோம். இரண்டு சமமானவர்களுக்கு நடுவே உள்ள தகராறைப் பேசி முடிக்கலாம். உங்களுக்கு நடந்தது தகராறு அல்ல, குற்றம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் வழக்கை ஊர்ச் சபையோ காவல் நிலையமோ முடித்துவைக்க முடியாது. அது நீதிமன்றத்தின் முன் இருப்பது. ‘சாமான் கிடையாது’ என்று சொன்னதே தனிக் குற்றம். 2015 திருத்தத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் அப்படி மிரட்டுவதையும் அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியவை: மிரட்டிய நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். வழக்கை விசாரிக்கும் துணைக் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். சட்டத்தின் 15-ஏ பிரிவின்படி உங்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கேட்கலாம்; எதிரிகளின் ஜாமீன் மனுவில் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். விதிப்படி தர வேண்டிய நிவாரணத் தொகையில் ஒரு பகுதி முதல் தகவல் அறிக்கை நிலையிலேயே வர வேண்டும். வரவில்லை என்றால் ஆதிதிராவிடர் நலத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். உதவி எண் 14566. இலவச வழக்கறிஞருக்கு 15100; உங்களுக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

ஊரோடு பேசவே கூடாதா? பேசலாம். வழக்கைத் தொடாமல், இனி நடக்க வேண்டியதைப் பேசலாம்: பாதை, கடை, தண்ணீர், கோவிலுக்குள் நிற்கும் இடம், வடம். தேவகோட்டை அருகே கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோவில் ஆனித் தேர், வடம் பிடிக்கும் உரிமைப் பிரச்சினையால் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூனில் தேர் மறுபடி ஓடியது. அங்கே யாரும் உரிமையை விட்டுக்கொடுத்ததால் அமைதி வரவில்லை. நீதிமன்றம், நிர்வாகம், பேச்சு மூன்றும் சேர்ந்தே தேவைப்பட்டன. உங்கள் ஊரில் நியாயமான பெரியவர்கள் சிலராவது இருப்பார்கள். அவர்கள் உங்கள் வாசலுக்கு வந்து வழக்கை நிறுத்தச் சொல்லாமல், தங்கள் தெருவுக்குப் போய் மிரட்டலை நிறுத்தச் சொல்லட்டும். சொந்தச் சனத்தின் மேல் உண்மையான பாசம் உள்ளவர் முதலில் செய்ய வேண்டிய வேலை அது.

கேள்வி: வளைகுடாவில் வேலை பார்த்தபோது ‘ரத்தப் பணம்’ கட்டிக் கொலைப் பகையை முடிப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் ஊரில் ஒரு கொலை, அதற்குப் பழியாக இன்னொன்று. இங்கே தெண்டம் கட்டி முடிக்க முடியாதா?
– வாசகர், இளையான்குடி சாலை

பதில்: நம் நாட்டுச் சட்டத்தில் கொலை, சமாதானமாகப் போகக்கூடிய குற்றம் இல்லை. யார் எவ்வளவு கொடுத்தாலும் வழக்கு நின்றுபோகாது. நின்றுபோகவும் கூடாது. சோமாலியரின் குல வழக்கத்தில் ஓர் ஆணின் உயிருக்கு நூறு ஒட்டகம் என்று கணக்கு உண்டு. கொன்றவன் ஒருவன், கொடுப்பது மொத்தக் குலமும். அதனால் தன் ஆளை அடக்கி வைப்பது குலப் பெரியவர்களின் பொறுப்பாகிறது. அந்த ஒரு குணம் நல்லது. ஆனால் ஏழைக் குலத்தின் உயிர் மலிந்து போவதும், பெண்ணின் உயிருக்குப் பாதி விலை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கின்றன.

உங்களுக்குப் பொருந்துவது வேறோர் ஊர் அனுபவம். கொசோவோவில் தலைமுறை தலைமுறையாகப் பழிவாங்கல் இருந்தது. 1990-ல் ஆன்டன் செட்டா என்ற எழுபது வயது நாட்டார் வழக்காற்று அறிஞர், கல்லூரி மாணவர்களோடு வீடு வீடாகப் போனார். பறிகொடுத்த குடும்பத்தின் முன் அமர்ந்து, பணம் எதுவும் பேசாமல், பழியை விடச் சொல்லிக் கேட்டார். அந்த ஆண்டு மே 1-ம் தேதி திறந்த வெளியில் பெருங்கூட்டம் கூடி, பல குடும்பங்கள் ஊரறியப் பகையை விட்டன. ஓரிரு ஆண்டில் முடிந்த பகைகள் ஏறத்தாழ ஆயிரம். நம் பக்கத்தில் குன்றக்குடி அடிகளார் 1982 மண்டைக்காடு கலவரத்தின்போது அங்கேயே போய் அமைதிப் பணி செய்தார். இருவரும் ஆட்களைத் தங்களிடம் வரச்சொல்லிக் காத்திருக்கவில்லை, தாங்களே போனார்கள்.

உங்கள் ஊரில் வழக்கு தன் வழியில் நடக்கட்டும். மூன்றாவது உயிர் போகாமல் தடுப்பதுதான் வேலை. ஆபத்தான நாட்கள் தெரிந்தவைதான்: கருமாதி, முதல் ஜாமீன், முதலாம் ஆண்டு நினைவு நாள், சாட்சி சொல்லும் வாய்தா. இந்த நாட்களுக்கு ஒரு வாரம் முன்பே இரு பக்கப் பெரியவர்களும் சூடான பையன்களை வெளியூர்ச் சொந்தங்களிடம் அனுப்பிவிடுங்கள். நினைவஞ்சலி பிளெக்ஸில் ‘பழி’, ‘கணக்கு’ போன்ற சொல் அச்சாகாமல் அச்சகத்திலேயே தடுங்கள். ஜாமீனில் வருபவரை மாலை போட்டு ஊர்வலமாக அழைத்து வர வேண்டாம். அந்த ஒரு மாலை எதிர்வீட்டில் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். பறிகொடுத்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவை இரு தரப்பும் சேராத பொது ஆள் ஒருவர் மூலம் ஏற்கலாம், வழக்கோடு சம்பந்தப்படுத்தாமல்.

கேள்வி: முச்சலிக்கா (இரு தரப்பும் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கை) எந்த முத்திரைத்தாளில் எழுத வேண்டும்? என்னென்ன இருக்க வேண்டும்?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: முத்திரைத்தாளில் எழுதினால்தான் கட்டும் என்ற நம்பிக்கை தவறு. திருவிழா முறை, பாதை, மைக் போன்ற நடைமுறை ஏற்பாட்டை வெள்ளைத்தாளிலும் எழுதலாம். வீடு, நிலத்தின் உரிமை கைமாறுவதை மட்டும் முச்சலிக்காவில் முடிக்க முடியாது. அதற்குப் பத்திரப் பதிவு அல்லது லோக் அதாலத் தீர்வு வேண்டும்.

இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். யார் யாருக்கு நடுவே, எந்தத் தேதியில், யார் முன்னிலையில் என்று தொடங்குங்கள். பழைய சண்டையில் யார் குற்றவாளி என்று ஒரு வரியும் வேண்டாம். அந்த வரிக்காகவே கையெழுத்து நின்றுபோகும். ‘இணக்கமாக நடந்துகொள்வோம்’ என்பது ஒன்றையும் சொல்லாத வாக்கியம். ‘ஒன்பதாம் நாள் மேலத்தெரு முளைப்பாரி மாலை 4 மணிக்குக் கிளம்பி 5.30-க்குள் ஊருணிக்கரை சேரும்’ என்று எழுதினால் மீறியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். மீறல் நடந்தால் முதல் 24 மணி நேரத்தில் யாருக்குப் போன் செய்வது என்று இரண்டு பெயரும் எண்ணும் போடுங்கள். ஊர் விலக்கம், காலில் விழுவது, அபராதம் என்று எதையும் எழுதக் கூடாது. அவை சட்டவிரோதம், எழுதியவர்கள்தான் மாட்டுவார்கள். ஒப்பந்தத்துக்கு ஓராண்டு ஆயுள் வையுங்கள். திருவிழா முடிந்து 15 நாளில் கூடித் திருத்துவோம் என்ற வரியும் சேரட்டும். நிரந்தரம் என்றால் கையெழுத்துப் போடப் பயப்படுகிறவர்கள் ஒரு வருடம் என்றால் போடுவார்கள்.

எழுதியதை உரக்க இரண்டு முறை வாசியுங்கள், இரண்டாம் முறை எதிர்த்தரப்பு இளைஞர் ஒருவர் வாசிக்கட்டும். ஐந்து பிரதி எடுங்கள்: கரைக்கு ஒன்று, நடுவரிடம் ஒன்று, தாசில்தாருக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று. கடைசி இரண்டுக்கும் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கத்திலும் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் அருகிலும் சுருக்கொப்பம். லேமினேட் செய்யாதீர்கள், அடுத்த வருடத் திருத்தத்தை அதில் எழுத முடியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும்.